மூணாவது இஃப்!

உங்களுக்கு இங்கிலீஷில் ரொம்பப் பயமான வார்த்தை எது பாஸ்? சிலருக்கு ஸ்பெல்லிங் நீளமான வார்த்தை என்றால் உதறும். சிலருக்கு 'ப்ரொனன்சியேஷன்' என்ற வார்த்தையைப் ப்ரொனன்ஸ் பண்ணுவதற்குள் நாக்கு சுளுக்கும். எனக்கு... 'இஃப்'! இங்கிலீஷில் ரெண்டே எழுத்து. சின்னப் பையன்தானே என்று தோளில் கை போட்டால், குப்புறத் தள்ளிவிட்டுப் போய்விடும். என்னைத் தள்ளியது. அதுவும் செமினார் ஹால் நிறைய ஜனம் இருக்கும்போது!

மூணாவது வருஷ ஆரம்பம். பிளேஸ்மென்ட்டுக்கு முன்னோட்டமாக எங்கள் காலேஜில் மாதிரி இன்டர்வியூ வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த ட்ரெய்னர் ஒவ்வொருத்தரையாக மேடைக்கு அழைத்துக் கேள்வி கேட்பார். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம், அதாவது சிரிக்கலாம். என் முறை வந்தது. பேர், ஊர் எல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததால் தப்பித்தேன். அடுத்து வந்தது அந்தக் கேள்வி.

"இஃப் யூ குட் சேஞ்ச் ஒன் திங் இன் யுவர் லைஃப், வாட் வுட் யூ சேஞ்ச்?"

கேள்வி புரிந்தது. பதிலும் மனசில் ரெடியாக இருந்தது. ஆனால் தமிழில் இருந்தது! ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவர்களுக்குத் தெரியும், மனசுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட் உண்டு. அங்கே என் வாக்கியம் மாட்டிக்கொண்டது.

"சார்... இஃப் ஐ வில் கெட் சான்ஸ்... ஐ வில் சேஞ்ச்டு... மை சிஸ்டர்..."

அதோடு நின்றுவிட்டேன். "சிஸ்டரையே மாத்திடுவானாம்டா!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். ஹாலே குலுங்கியது. ட்ரெய்னர் நல்ல மனுஷன், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இஃப் பக்கத்துல வில் உட்காராது தம்பி. கண்டிஷனல்ஸ் ஒரு தடவை நல்லா பாருங்க" என்றார். மாபெரும் பல்பு!

நான் சொல்ல வந்தது அது இல்லை. என்னவென்று அப்புறம் சொல்கிறேன். முதலில், இந்த இஃப் பயலை எப்படி மடக்கினேன் என்பதைக் கேளுங்கள்.

சாப்பாட்டுத் தட்டில் கிராமர்!

இதில் காமெடி என்னவென்றால், முதல் வருஷமே சி லாங்வேஜில் இஃப்-எல்ஸ் போட்டு பக்கம் பக்கமாக புரோகிராம் எழுதியவன் நான். ஆனால் அந்த இஃப் ரொம்ப சாது. கண்டிஷன் உண்மையா, பொய்யா என்ற ஒரே கேள்விதான் அதற்குத் தெரியும். இங்கிலீஷ் இஃப் அப்படி இல்லை. எப்பவும் நடக்கிறதா, இனிமேல் நடக்குமா, சும்மா கற்பனையா, நடக்காமலே போய்விட்டதா என்று தோண்டித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும்.

லைப்ரரியில் ரென் அண்ட் மார்ட்டினை எடுத்தேன். தலையணைக்குத்தான் சரியாக இருந்தது. அப்புறம் கிடைத்தது ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்'. 1985-ல் முதலில் வந்த புத்தகம். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. நம்மை மாதிரி ஆளுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. வலது பக்கத்தையெல்லாம் பென்சிலால் நிரப்பினேன். பேப்பரில் பத்துக்குப் பத்து. வாயைத் திறந்தால் பழையபடி முட்டை!

அப்போதுதான் என் ரூம்மேட் தர்மபுரி ஒரு ஐடியா கொடுத்தான். (எங்கள் ஹாஸ்டலில் ஊர்தான் பேர். அவன் தர்மபுரி, இன்னொருத்தன் தஞ்சாவூர், நான் ராஜபாளையம்.) தினமும் ராத்திரி மெஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு இஃப் வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவன் மொத்த டேபிளுக்கும் ஜக்கில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். முதல் ஒரு வாரம் ஜக் என் கையை விட்டு இறங்கவே இல்லை.

ஜீரோ முதல் இரண்டு வரை

முதலில் ஜீரோ கண்டிஷனல். எப்பவும் உண்மையாக இருப்பதைச் சொல்வது. ரெண்டு பக்கமும் சிம்பிள் ப்ரெசன்ட். புத்தகத்தில் 'இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்' என்று போட்டிருந்தான். எங்கள் டேபிளில் தர்மபுரி சொன்னது இது: "இஃப் தஞ்சாவூர் ஸ்லீப்ஸ், நோபடி ஸ்லீப்ஸ்!" அவன் குறட்டை பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. ஜீரோ கண்டிஷனல் எனக்கு அன்றைக்கே மனசில் பச்சக் என்று ஒட்டிக்கொண்டது.

அடுத்தது ஃபர்ஸ்ட். நடக்க வாய்ப்பு இருப்பதைச் சொல்வது. இஃப் பக்கம் ப்ரெசன்ட், அந்தப் பக்கம் வில். ரெண்டு மேத்ஸ் அரியர் வைத்திருந்த தர்மபுரி சோகமாக ஒன்று விட்டான்: "இஃப் ஐ க்ளியர் மேத்ஸ், ஐ வில் ஷேவ் மை ஹெட் இன் பழனி." (ரிசல்ட் வந்தபோது க்ளியர் ஆகிவிட்டது. மூணு மாசம் தொப்பியோடு திரிந்தான்.)

நான் இங்கேதான் வழுக்கிக்கொண்டே இருந்தேன். 'நாளைக்கு' என்று நினைத்தாலே இஃப் பக்கத்தில் வில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் ஜக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது சட்டென்று ஒன்று உறைத்தது. நாம் தமிழில் என்ன சொல்கிறோம்? 'நாளைக்கு மழை வந்தால் வீட்டிலேயே இருப்பேன்.' கவனியுங்கள்... 'வந்தால்'! வந்தேன்-வந்தால், போனேன்-போனால், படித்தேன்-படித்தால். நாளைக்கு நடக்கப்போவதைப் பேசும்போதுகூட, நாம் பிடித்துத் தொங்குவது இறந்தகாலத்தின் வாலை! எதிர்காலம் 'இருப்பேன்' பக்கம்தான் வருகிறது. ஆக, நம்ம பாஷையிலும் 'ஆல்' பக்கத்தில் வில் உட்காராது. இத்தனை நாள் சரியாகப் பேசிக்கொண்டிருந்த விஷயத்தைத்தான் இங்கிலீஷில் தப்பாகப் பேசியிருக்கிறேன்!

இந்தக் குஷியில் ஸ்கூல் தமிழ் அய்யா நடத்தியதுகூட ஞாபகம் வந்தது. நன்னூல் சொல்கிற பன்னிரண்டு வினையெச்ச வாய்பாடுகளில் 'செயின்' என்று ஒன்று உண்டு. 'மழை பெய்யின் குளம் நிறையும்' என்று எடுத்துக்காட்டு சொல்லுவார். அன்றைக்கு ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினேன். அது நம்ம ஊர் ஃபர்ஸ்ட் கண்டிஷனல் என்று இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாவதாக வருவதற்கு செகண்ட் கண்டிஷனல் என்று பேர் (ஜீரோவில் எண்ண ஆரம்பித்தால் இப்படித்தான்!). இது முழுக்க முழுக்கக் கற்பனை. இஃப் பக்கம் பாஸ்ட், அந்தப் பக்கம் வுட். மெஸ்ஸே கலகலத்தது இதற்குத்தான். "இஃப் ஐ வேர் தி வார்டன், ஐ வுட் க்ளோஸ் திஸ் மெஸ்!" "இஃப் ஐ ஹேட் எ பைக், ஐ வுட் நாட் பி சிட்டிங் வித் யூ!"

ஒரு விஷயம் பிடிபட்டால் இது ஈஸி. அந்தப் பாஸ்ட் நேற்றைக் குறிக்கும் பாஸ்ட் இல்லை. நிஜத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறேன் என்று காட்டும் பாஸ்ட். அதனால்தான் 'ஐ' பக்கத்தில்கூட 'வேர்' வருகிறது. 'இஃப் ஐ வாஸ்' என்று பேச்சில் நிறையப் பேர் சொல்வார்கள்தான். ஆனால் பரீட்சையிலும் இன்டர்வியூவிலும் 'வேர்' போட்டால் சேஃப்.

இன்னொன்று. எனக்கு விழுந்த அந்தக் கேள்வியும் செகண்ட் டைப்தான். இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு ஷார்ட்கட் உண்டு. கேள்வியில் 'வுட்' இருந்தால் பதிலிலும் 'வுட்' போடுங்கள். வாலைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால், 'இந்த வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள்' என்று உங்கள் நிஜமான திட்டத்தைக் கேட்டால், ஃபர்ஸ்ட் டைப்பில் 'இஃப் ஐ கெட்... ஐ வில்' என்று சொல்லுங்கள். அங்கே போய் 'இஃப் ஐ காட்... ஐ வுட்' என்றால், 'எங்கே கிடைக்கப்போகுது' என்று நீங்களே சலித்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடும்!

மெஸ் அமைதியான ராத்திரி

கடைசியாக தேர்ட் கண்டிஷனல். நடக்காமல் போனதைப் பற்றிப் பேசுவது. 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்டு.' படிச்சிருந்தா பாஸாகியிருப்பேன். அதாவது படிக்கவும் இல்லை, பாஸாகவும் இல்லை. பார்க்க நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். அங்கே ஹேட், வுட் ஹேவ். இங்கே இருந்தா, இருப்பேன். ஒரே மெஷின், வேற பெயின்ட். 'இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். வுட்டும் வில்லின் சொந்தக்காரன்தான், இஃப் பக்கத்தில் அவனுக்கும் ஸீட் கிடையாது.

அன்றைக்கு ராத்திரியும் ஜாலியாகத்தான் ஆரம்பித்தோம். தஞ்சாவூர், "இஃப் ஐ ஹேட் கம் ஏர்லியர், ஐ வுட் ஹேவ் காட் டூ ஆம்லெட்ஸ்" என்றான். சரி, பாஸ். அடுத்தது தர்மபுரி. எப்பவும் காமெடி பண்ணுகிறவன், தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"இஃப் மை ஃபாதர் ஹேட் நாட் சோல்ட்... நம்ம மாடு ரெண்டையும்... ஐ வுட் நாட் ஹேவ் ஜாய்ண்டு ஹியர்."

நடுவில் தமிழ் வந்துவிட்டது. ரூல்படி அவன் ஜக்கைத் தூக்க வேண்டும். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

அப்புறம் என் முறை. அந்த மேடையில் பாதியில் நின்றுபோன வாக்கியத்தை எடுத்தேன்.

எங்கள் அப்பா ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறியில் வேலை பார்க்கிறார். அக்கா 2019-ல் ப்ளஸ் டூ முடித்தாள். கவர்மென்ட் ஸ்கூல். 600-க்கு 521. இன்ஜினீயரிங்கில் இ.சி.இ. எடுக்க வேண்டும் என்று ஆசை. முதல் பட்டதாரிக்கு டியூஷன் ஃபீஸில் சலுகை இருந்தது. ஆனால் ஹாஸ்டல், மெஸ், மற்ற செலவு? அப்பா ரெண்டு ராத்திரி கணக்குப் போட்டார். மூணாவது நாள் காலையில் அக்காவே, "வேணாம்ப்பா, நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பில் போடும் வேலை.

2021-ல்தான் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும் என்றும் அறிவித்தது. 2023-ல் நான் ப்ளஸ் டூ முடித்தேன். 474. அக்காவைவிட 47 மார்க் கம்மி. ஆனால் நான் இன்ஜினீயரிங் படிக்கிறேன்.

இடையில் ரெண்டே ரெண்டு வருஷம் பாஸ். என்னைவிட நன்றாகப் படித்தவள், ரெண்டு வருஷம் முன்னாடி படித்து முடித்ததுதான் அவள் செய்த தப்பு.

"இஃப் தி ஸ்கீம் ஹேட் கம் டூ இயர்ஸ் ஏர்லியர், மை சிஸ்டர் வுட் பி அன் இன்ஜினீயர் நவ்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தஞ்சாவூர், "மச்சி, தேர்ட் டைப்னா 'வுட் ஹேவ் பீன்' வரணும்டா" என்றான். ரொம்பத் தயங்கித்தான் சொன்னான். மறுநாள் இங்கிலீஷ் மேடத்திடம் பஞ்சாயத்து போனது. மேடம் வாக்கியத்தை ரெண்டு தரம் படித்துவிட்டு, "காரணம் பழசு. பலன் இன்னிக்கு வரைக்கும் இருக்கு. இதுக்கு மிக்ஸ்டு கண்டிஷனல்னு பேர். சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். முதல் முறையாக இங்கிலீஷில் ஜெயித்தேன். ஆனால் சந்தோஷமாக இல்லை.

"ஒண்ணாவதுல சொல்லு!"

அன்றைக்கு ராத்திரி அக்காவுக்கு போன் போட்டேன். மேடையில் பல்பு வாங்கியதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னையே மாத்தப் போறியாடா!" அப்புறம் நாலு கண்டிஷனலையும் விளக்கினேன். மூணாவதற்கு உதாரணமாக அவளைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு, "அந்த மூணாவதுல எல்லாமே முடிஞ்சுபோனதுதானடா? அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? ஒண்ணாவதுல ஏதாவது சொல்லு" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஃப் ஐ கெட் எ ஜாப், ஐ வில் பே யுவர் காலேஜ் ஃபீஸ்" என்றேன். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் வாசித்திருப்பார்கள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "நீ வேலைக்குப் போறவரைக்கும் நான் உட்கார்ந்துட்டு இருப்பேன்னு நெனச்சியா? போன மாசமே கரஸ்ல பி.காம் சேர்ந்துட்டேன். என் சம்பளத்துலதான் கட்டினேன். அப்பாவுக்கு மட்டும் தெரியும்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"பாஸ் பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். ஃபெயிலாயிட்டா யாருக்கும் தெரியாமப் போயிரும்ல..."

எனக்கு ரெண்டாவது பல்பு. இது ஹாலில் வாங்கியதைவிடப் பெரியது. அவளுக்காக ஒரு இஃப் தயார் பண்ணி, அதில் என்னை ஹீரோவாக வேறு போட்டு வைத்திருந்தேன். அவளோ யாரையும் கேட்காமல் அவள் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டாள். அவளிடமும் ஒரு இஃப் இருந்திருக்கிறது. 'ஃபெயிலாயிட்டா' என்ற இஃப். அதைத் தனியாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளுக்கு இங்கிலீஷ் பேப்பர் உண்டு. அதுதான் பயமாம். அதனால் இப்போதெல்லாம் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு பத்து நிமிஷம் போன். ஆளுக்கொரு இஃப். முதல் நாள் அவள் சொன்னது: "இஃப் தி த்ரெட் பிரேக்ஸ், தி லூம் ஸ்டாப்ஸ்." ஊடை நூல் அறுந்தால் தறி நின்றுவிடும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஜீரோ கண்டிஷனலுக்குப் புத்தகமே தேவைப்படவில்லை.

நீங்களும் ட்ரை பண்ணுங்கள். புத்தகத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புவது தப்பில்லை. ஆனால் அதில் வரும் ஜானும் மேரியும் உங்களுக்கு யாரோ! உங்கள் மெஸ், உங்கள் அரியர், உங்கள் பஸ், உங்கள் வீடு... இதிலிருந்து தினமும் ஒரே ஒரு வாக்கியம், வாயைத் திறந்து, இன்னொருத்தர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். இஃப் பக்கத்தில் வில், வுட் ரெண்டும் வராது என்பதை மட்டும் காவல் காருங்கள். ஒரு மாசத்தில் நாக்கு பழகிவிடும். மூணாவது டைப்பைப் பழகும்போது மட்டும் பக்கத்தில் ஒரு நல்ல ஃப்ரெண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அக்கா ஒரு சந்தேகம் கேட்டாள். "இஃப் ஐ பாஸ்னு சொல்லணுமா, வென் ஐ பாஸ்னு சொல்லணுமா?"

"நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் இருந்தா இஃப். கண்டிப்பா நடக்கும்னா வென்."

கொஞ்சம் யோசித்தாள். "வென் ஐ பாஸ், ஐ வில் டெல் அம்மா."

அடுத்த நாளே எங்கள் காலேஜில் இரண்டாவது மாதிரி இன்டர்வியூ. அதே செமினார் ஹால், அதே ட்ரெய்னர். என்னை அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தபடி அதே கேள்வியைக் கேட்டார். நான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தேன். இஃப் ஐ குட் சேஞ்ச் ஒன் திங், ஐ வுட் பிரிங் தட் ஸ்கீம் டூ இயர்ஸ் ஏர்லியர் என்று ஆரம்பித்து, அக்காவின் 521, என்னுடைய 474, அந்த ரெண்டு வருஷம் எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டு இடத்தில் தடுக்கியது. ஆனால் நிற்கவில்லை. பின் பெஞ்சிலிருந்து சத்தமே வரவில்லை.

ட்ரெய்னர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார். "வாட் இஸ் யுவர் சிஸ்டர் டூயிங் நவ்?"

அந்தப் பதிலுக்கு ஒரு இஃப்கூடத் தேவைப்படவில்லை பாஸ்.

"ஷீ இஸ் ஸ்டடியிங், சார்!"